ஆட்டுக்கொல்லி நோயும் பஞ்சாயத்தின் பொறுப்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்கள் வானம் பார்த்த சீமை என்பதை யாவரும் அறிவர். ஐப்பசி, கார்த்திகை மழை ஓராண்டு பொய்த்துவிட்டால் பருத்தியும் கம்பும் சோளமும் ஒருங்கே கைவிட்டுவிடும். அவ்வாண்டில் குடியானவர் வீட்டில் அடுப்பெரிவதற்குத் துணையாக எஞ்சி நிற்பவை வெள்ளாடும் செம்மறியுமே. நான்காம் தமிழ்ச் சங்கத்தை 1901-இல் மதுரையில் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் ஊர் என்று புலவர் உலகம் பாலவனத்தத்தை அறியும். மாலை வேளையில் அவ்வூர்ப் பக்கம் செல்பவர்க்கோ, மேய்ச்சல் முடிந்து கரிசல் புழுதியை எழுப்பிக்கொண்டு வீடு திரும்பும் மந்தைகளே முதலில் கண்ணிற் படும். கருமேனியும் முகத்தின் இருபுறம் வெண்கோடும் கொண்ட கன்னி ஆடு, உயர்ந்த கால்களையுடைய கொடி ஆடு, வெண்மேனியில் செந்நிறத் திட்டுகள் விளங்கும் வேம்பூர்ச் செம்மறி ஆகியவை இப்பகுதிக்கும் இதனையடுத்த தூத்துக்குடிப் பகுதிக்கும் உரிய இனங்கள். வறட்சியைத் தாங்குவதில் இவற்றுக்கு ஈடு காண்பது அரிது. எனினும், வறட்சிக்கு அஞ்சாத இவ்வாடுகளை ஒரே வாரத்தில் மாய்த்துவிடும் நோய் ஒன்று உண்டு. அதுவே ஆட்டுக்கொல்லி நோய்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒன்றியம் ஒன்றில் நிகழ்ந்ததை முதலில் கூறுவோம். ஊரின் பெயர் வேண்டா. தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் ஒருவர் சந்தையில் இரண்டு கிடாக்களை மலிவாக வாங்கி வந்து தம் மந்தையுடன் சேர்த்துவிட்டார். நான்கு நாட்கள் சென்றதும் அவற்றுக்கு மூக்கு ஒழுகியது. ஈரக்காற்றினால் வந்த சளி என்று அவர் எண்ணினார். ஒரு வாரத்திற்குள் அவருடைய மந்தையிலும், அடுத்து அத்தெருவில் உள்ள மற்ற ஆடுகளிலும் கழிச்சல் கண்டது. சாவு தொடங்கியதும், உயிரோடு இருப்பவற்றையாவது காசாக்குவோம் என்று சிலர் எஞ்சியவற்றைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றனர். அத்தெருவில் ஐந்து ஆடுகளை வைத்துப் பிழைத்துவந்த கைம்பெண் ஒருவருக்கு மிஞ்சியது ஒன்றே. செய்தி நம் அலுவலகத்தை எட்டியது பதினோராம் நாள். அதன்பின்னும் இரண்டு நாட்கள் அக்கடிதம் நம் மேசையிலேயே கிடந்தது என்பதையும் மறைப்பதற்கில்லை. அந்த அம்மையார், "முதல் ஆடு செத்த அன்றே சொல்லியிருந்தால் பிழைத்திருக்குமா, ஐயா?" என்று நம்மைக் கேட்டார். அவற்றுள் சிலவேனும் பிழைத்திருக்கும் என்பதே உண்மையான விடை. அன்று அதனை அவரிடம் கூற நமக்கு வாய் வரவில்லை. இக்கட்டுரை அவ்விடையை விரித்துரைப்பதேயாகும்.

நோயின் குறிகள்

ஆட்டுக்கொல்லி ஒரு நச்சுயிரால் வருவது. மாடுகளை முன்னாளில் வாரிக்கொண்டு சென்ற வெக்கை நோயின் நச்சுயிரும், குழந்தைகளுக்கு வரும் தட்டம்மையின் நச்சுயிரும் இதற்கு உறவானவை. ஆயினும் ஆட்டுக்கொல்லி மனிதர்க்குத் தொற்றுவதில்லை. கிருமி உடலுட் புகுந்த நான்கைந்து நாட்களில் ஆட்டுக்குக் கடுங்காய்ச்சல் காணும். ஆடு மேய்ச்சலை விட்டு ஒதுங்கித் தலை தாழ்த்தி நிற்கும். கண்ணிலும் மூக்கிலும் முதலில் தெளிந்த நீர் வடியும். பின்னர் அது சீழ் போலக் கெட்டியாகி மூக்குத் துளையை அடைக்கும், இமைகளை ஒட்டவைக்கும். ஈறிலும் நாக்கிலும் உதட்டின் உட்புறத்திலும் புண்கள் தோன்றி வாயில் தாங்கொணாத நாற்றம் வீசும். அடுத்து நீராகக் கழியும். இருமலும் மூச்சுத் திணறலும் சேரும். சினை ஆடுகள் கருச்சிதைந்து வீசும். காய்ச்சல் கண்டதிலிருந்து ஐந்து முதல் பத்து நாட்களுக்குள் பெரும்பாலானவை மடியும். குட்டிகளே மிகுதியாக மாளும்.

இந்நச்சுயிரை நேராகக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. ஆனால் உடல் தளர்ந்த ஆட்டின் நுரையீரலைப் பிற கிருமிகள் பற்றிக்கொள்வதைக் கால்நடை டாக்டர் ஊசியால் தடுக்க இயலும். கழிச்சலால் வற்றிய உடலுக்கு உப்புநீர் ஏற்றியும், வாய்ப்புண்ணைக் கழுவியும், கஞ்சி புகட்டியும் பல ஆடுகளைக் காப்பாற்றலாம். அவர் முதல் இரண்டு நாட்களில் வரவேண்டும் என்பதே முக்கியம்.

அரசூரில் கண்டது

இந்நோய் நம் நாட்டில் முதன்முதலாக இன்னதென்று அறியப்பட்ட இடம் நம் தமிழ்நாடேயாகும். ஆப்பிரிக்காக் கண்டத்தின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942-இல் இது விவரிக்கப்பட்டது. நெடுங்காலம் இது அக்கண்டத்திற்கே உரிய நோய் என்று கருதப்பட்டது. இங்கு ஆடுகளுக்கு இத்தகைய குறிகள் கண்டபோதெல்லாம், மாட்டு வெக்கைதான் ஆட்டுக்கும் தாவிற்று என்று கணக்கெழுதினர். 1987-இல் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்தில், அரசூர் என்னும் ஊரில் செம்மறிகள் நோயுற்று மடிந்தன. அவற்றிலிருந்து எடுத்த கிருமியைச் சென்னை கால்நடை அறிஞர்களும், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சார்ந்த எம். எஸ். ஷைலாவும் அவருடன் உழைத்தோரும் ஆராய்ந்தனர். அது வெக்கை அன்று, ஆட்டுக்கொல்லியே என்று நிறுவி 1989-இல் வெளியிட்டனர். 1994 வரை தென்னாட்டளவில் அறியப்பட்டிருந்த இந்நோய் அதன்பின் வடநாட்டிலும் காணப்பட்டது.

பெயர் எதுவாயினும் செத்த ஆடு செத்ததுதானே, பெயரை அறிந்து ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். நாமும் ஒருகாலத்தில் அவ்வாறு எண்ணியவர்களே. அக்காலத்தில் நாடு முழுவதும் வெக்கையை வேரோடு களையும் முயற்சி நடந்துகொண்டிருந்தது. இமயமலைச் சாரலில் முக்தேசுவரத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் எட்வர்ட்ஸ் என்பார் வெள்ளாட்டின் உடலில் வெக்கைக் கிருமியைத் திரும்பத் திரும்பச் செலுத்தி அதன் வீரியத்தைக் குறைத்து, மாடுகளுக்கான தடுப்பு மருந்தை ஆக்கினார். 1954-இல் தேசிய வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கிற்று. இப்படி நடந்த வேலையின் முடிவில், வெக்கை இன்னும் எங்கேனும் எஞ்சியுள்ளதா என்று துருவிப் பார்க்கும் கட்டத்தில், ஆட்டில் காணும் நோய் வெக்கையா வேறா என்பது பெரிய கேள்வியாயிற்று. இரண்டு கிருமிகளும் உறவுடையவை ஆதலால் வெக்கைத் தடுப்பூசியையே ஆட்டுக்கும் போட்டுக் காத்துவந்தனர். அதனால் ஊசி போட்ட ஆட்டின் இரத்தத்திலும் வெக்கைக்கு எதிரான அடையாளம் தென்படும். அது நோயால் வந்ததா, ஊசியால் வந்ததா எனப் பிரித்தறிய இயலாது. ஆகவே ஆட்டுக்கென்றே தனி ஊசி வேண்டியதாயிற்று.

அவ்வூசி அரசூரின் பெயரைத் தாங்கியே வந்தது. அங்கு நோயுற்ற செம்மறியின் கிருமியைக் கொண்டு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய தடுப்பு மருந்துக்கு 'அரசூர் 87' என்று பெயர். கோயம்புத்தூரில் வெள்ளாட்டிலிருந்து எடுத்த கிருமியைக் கொண்டு ஆக்கியது 'கோயம்புத்தூர் 97'. இமாசலப் பிரதேசத்துச் சுங்ரியில் கிடைத்த கிருமியினின்று முக்தேசுவரத்தார் ஆக்கியது 'சுங்ரி 96'. நம் நாட்டு மருந்துகள் மூன்றில் இரண்டு தமிழ்நாட்டு ஆட்டிலிருந்து பிறந்தவை. அரசூரில் அன்று செத்த செம்மறிகளைச் சத்தமின்றிப் புதைத்துவிட்டிருந்தால் அந்தக் கிருமி அறிஞர் கைக்கு எட்டியிராது.

வெக்கையின் கதை என்னவாயிற்று எனில், இந்தியாவில் அது கடைசியாகக் கண்டது 1995-இல். 2011-இல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடி, உலகினின்று ஒழிக்கப்பட்ட தொற்றுநோய் அது ஒன்றே. அதே வழியில் 2030-க்குள் ஆட்டுக்கொல்லியையும் ஒழிப்பது என்று உலக விலங்கு நலவாழ்வு அமைப்பும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனமும் 2015-இல் முடிவு செய்தன. இலக்கு பெரிது. ஆயினும் அதற்கு ஏதுவான தன்மைகள் இந்நோயிடமே உள்ளன. இந்நச்சுயிர் வெயிலிலும் உலர்ச்சியிலும் விரைவில் அழியும். கொசுவோ உண்ணியோ இதனைச் சுமப்பதில்லை. பிழைத்தெழுந்த ஆடு மீண்டும் இந்நோய்க்கு ஆளாவதில்லை. கிருமியை ஒளித்து வைத்துக்கொண்டு திரிவதும் இல்லை. ஓர் ஆட்டின் மூச்சிலிருந்தும் கண், மூக்கு நீரிலிருந்தும் சாணத்திலிருந்தும் அடுத்த ஆட்டுக்குச் சென்றால்தான் இக்கிருமி வாழும். செல்லும் வழியை அடைத்துவிட்டால் அது தானே மாளும். அந்த வழியோ பெரும்பாலும் நாமே போட்டுக் கொடுப்பது.

காட்டு விலங்குகளும் கண்மாய் நீரும்

நிற்க. கண்மாய்களை அடுத்த வேலிக்கருவேல் காடுகளிலும் புதர்களிலும் புள்ளிமானும் காட்டுப்பன்றியும் திரிவதை இவ்வட்டார விவசாயிகள் அறிவார்கள். பன்றியால் கடலையும் மக்காச்சோளமும் படும் பாட்டை நமக்கு எழுதாத ஊராட்சி குறைவு. கோடையில் குளம் குட்டைகள் வற்றி ஓரிடத்தில் மட்டும் நீர் நிற்கும்போது, பகலில் ஆடும் இரவில் மானும் அதே துறையில் இறங்குகின்றன. காட்டு விலங்குதான் ஊருக்கு நோயைக் கொண்டுவருகிறது என்பது பலருடைய எண்ணம். உண்மை பெரும்பாலும் இதற்கு மாறானது.

1968-இல் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் காட்டெருமைகள் வெக்கையால் திரளாக மடிந்தன. காட்டுக்குள் மேய்ந்த ஊர் மாடுகளின் நோய் அது. மங்கோலிய நாட்டில் 2016-இல் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் ஆட்டுக்கொல்லி கண்டது. அவ்வாண்டின் இறுதியிலும் அடுத்த ஆண்டிலும் அங்குள்ள சைகா என்னும் அருகிவரும் மானினம் அதே நோயால் ஆயிரக்கணக்கில் அழிந்தது. இதற்கு மறுதலையான செய்தியும் உண்டு. ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டிச் சமவெளியைச் சூழ்ந்த ஊர்களில் மாடுகளுக்கு வெக்கைத் தடுப்பூசி போட்டனர். காட்டு விலங்கு ஒன்றையும் பிடித்து ஊசி போடவில்லை. ஆயினும் 1960-களின் தொடக்கத்தில் காட்டு விலங்குகளிடத்தும் வெக்கை மறைந்தது. அங்கு இரண்டரை இலட்சம் அளவில் இருந்த வைல்ட்பீஸ்ட் என்னும் மான்வகை, 1970-களின் இறுதிக்குள் பத்து இலட்சத்தைக் கடந்தது. ஊர் மந்தையில் நோயை நிறுத்தினால் காட்டிலும் அது நிற்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நாம் அறியோம்.

ஆகவே கண்மாய்க் கரையிலோ காட்டோரத்திலோ மானோ பன்றியோ ஒன்றுக்கு மேற்பட்டுச் செத்துக் கிடந்தால் அதுவும் ஊருக்கு உரிய செய்தியே. வனத்துறைக்கும் கால்நடை மருந்தகத்திற்கும் உடனே சொல்லியாக வேண்டும். அதனை அறுப்பதோ தொடுவதோ கூடாது. குறிப்பாக, திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கரிய இரத்தம் கசியும் உடல் எதுவாயினும், ஆடாயினும் மாடாயினும் காட்டு விலங்காயினும், அடைப்பான் நோயாக இருக்கக்கூடும். ஆட்டுக்கொல்லிக் கிருமி போலன்றி அடைப்பான் கிருமி மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருக்கும், மனிதரையும் கொல்லும். 2022-இல் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் அடைப்பானால் மடிந்தன. அத்தகைய உடலைத் தோலுரிக்கவும் கூடாது, நாய்க்கு விடவும் கூடாது.

செய்யத்தக்கவை

ஆட்டுக்கொல்லிக்குத் தடுப்பூசி ஒன்றே அரண். தோலுக்கடியில் ஒருமுறை போடும் ஊசி மூன்றாண்டுகளுக்குக் குறையாமல் காக்கும். அப்படியிருக்க ஆண்டுதோறும் ஏன் முகாம் என்று கேட்பதுண்டு. ஆட்டு மந்தை ஒரே மந்தையாக நிற்பதில்லை. கிடாக்கள் விற்றுப்போகின்றன, புதுக் குட்டிகள் பிறக்கின்றன, சந்தையிலிருந்து புதியவை வருகின்றன. ஒரே ஆண்டில் ஊசி அறியாத ஆடுகள் மந்தையில் கணிசமாகச் சேர்ந்துவிடும். ஊரில் பத்துக்கு எட்டு ஆடுகளேனும் காப்புடன் இருந்தால்தான் நோய் நுழைந்தாலும் பரவ இடமின்றி அவியும். தாய்ப்பாலின் வழியே வந்த காப்பு குட்டிக்கு மூன்று, நான்கு மாதம் வரை இருக்கும். அக்காலத்தில் போடும் ஊசி பயன் தராது. நான்கு மாதம் முடிந்ததும் போடாவிட்டால் குட்டி காப்பின்றி நிற்கும். முகாம் நாளன்று குட்டிகளைக் கொடாப்பில் மூடி வைத்துவிட்டுப் பெரிய ஆடுகளை மட்டும் ஓட்டி வரும் வழக்கத்தைப் பல ஊர்களில் கண்டிருக்கிறோம். எந்தக் குட்டிக்கு வயது வந்தது என்பதை டாக்டர் பார்த்து முடிவு செய்யட்டும்.

சந்தையைப் பற்றியும் கூறவேண்டும். எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தைக்கும் திருமங்கலத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக்கும் பல மாவட்டத்து ஆடுகள் வருகின்றன. தீபாவளி, பக்ரீத், பொங்கலையொட்டி அவற்றின் வரத்து பன்மடங்காகும். நோய்க் குறி வெளிப்படுமுன் கிருமியைச் சுமந்து நிற்கும் ஆட்டைக் கண்ணால் கண்டு பிரிப்பது எந்தத் தரகராலும் ஆகாது. ஆகவே வாங்கி வந்த ஆட்டை மூன்று வாரம் தனித்தொழுவில், தனித்தொட்டியில் நீர் வைத்து நிறுத்தவேண்டும். அதற்குத் தீனி போடுபவர் மந்தைக்குத் தீனி போட்ட பின்னரே அங்குச் செல்லட்டும். ஒற்றைக் குடிசையில் வாழ்பவர்க்கு இது எளிதன்று என்பதை அறிவோம். பஞ்சாயத்துப் புறம்போக்கில் வேலியடைத்த பொதுத்தொழு ஒன்று இருந்தால் இக்கஷ்டம் நீங்கும். முட்கம்பி வேலியும் நிழலுக்கு ஒரு கீற்றுப்பந்தலும் போதும்.

கீதாரிகளைப் பற்றி ஒரு சொல். அறுவடைக்குப் பின் புஞ்சைகளில் கிடை மறிக்க வரும் பெருமந்தைகளால் நோய் வருகிறது என்று அஞ்சி, அவர்களை ஊர் எல்லையில் நிற்கவிடாமல் விரட்டும் ஊர்களும் உண்டு. இது தவறு என்பது நம் கருத்து. விரட்டப்பட்டவர் இரவோடிரவாக வேறு வழியே கடந்து செல்வார். நோய் கண்டிருந்தாலும் வாய் திறக்கமாட்டார். அவருக்கு ஊர் மந்தை இறங்காத ஒரு நீர்த்துறையைக் காட்டி, அவர் கிடைக்கும் ஊசி போடச் செய்து, எங்கிருந்து வருகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வதே ஊருக்குக் காப்பு. கிடைச்சாணத்தின் பயனும் புஞ்சைக்குக் கிடைக்கும்.

நோய் கண்டபின் மறைக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டு மத்தியச் சட்டத்தில் ஆட்டுக்கொல்லியும் அட்டவணை நோய்களுள் ஒன்று. தம் கால்நடைக்கு அத்தகைய நோய் உண்டென ஐயுறுபவர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிக்க வேண்டும் என்றும், அவர்கள் அச்செய்தியைக் கால்நடை மருத்துவருக்கு எழுதியனுப்பலாம் என்றும், நோயுற்றதைப் பிரித்து வைக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. நோயுற்றதைச் சந்தைக்குக் கொண்டுசெல்வதும், செத்த உடலை நீர்நிலையில் எறிவதும் அச்சட்டப்படி குற்றம். எனினும் சட்டத்தைக் காட்டி அச்சுறுத்துவதால் மட்டும் இது நடவாது. சாகும் நிலையில் உள்ள ஆட்டை விற்க ஓடுபவர் கொடியவர் அல்லர்; கைமுதல் போய்விடுமே என்று அஞ்சுபவர். நாம் மேலே சொன்ன ஊரில் அவ்வாறு விற்றவர்களைக் குறை கூற இன்றும் நமக்கு மனம் வரவில்லை. அவர்கள் ஓட்டிச் சென்ற ஆடுகள் எந்த ஊரின் தெருவில் நுழைந்தனவோ அதை நாம் அறியோம். ஆடுகளை முன்னதாகவே காப்பீடு செய்துவைப்பதும், செத்த முதல் நாளே பஞ்சாயத்துத் தலைவர் தாமே அவ்வீட்டுக்குச் சென்று டாக்டரை அழைப்பதும் சட்டத்தினும் மிகுதியாக உதவும்.

சொல்வதற்கு இன்று வழி எளிது. 1962 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். எத்தனை ஆடு, எந்த நாளில் நோயுற்றது, எத்தனை செத்தது, புதிதாக வாங்கியது உண்டா என்னும் நான்கு செய்திகளைத் தவறாமல் சொல்லவேண்டும். காய்ச்சலுடன் மூக்கில் தெளிந்த நீர் வடியும் புதிய நோயாளியே ஆய்வுக்கு ஏற்றது. செத்து ஊதியதிலிருந்து எடுப்பது பயன்படாது. அதன் கண், மூக்கு நீரையும் இரத்தத்தையும் பனிக்கட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவினர் ஆய்வகத்திற்கு அனுப்புவர். நீலநாக்கு நோய், துள்ளுமாரி, ஆட்டம்மை ஆகியவையும் ஏறத்தாழ இக்குறிகளுடன் வரக்கூடியவை. ஒவ்வொன்றுக்கும் ஊசி வேறு, பரவும் வழி வேறு. நீலநாக்கை மழைக்காலத்துச் சிறு கொசுக்கள் பரப்பும். அதற்கு ஆட்டைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது. ஆதலால் வீட்டுக்கு வீடு நோயின் பெயரை ஊகித்து மருந்து வாங்கி ஊற்றுவதில் பயனில்லை.

செத்த ஆட்டை நீர்நிலைக்குத் தொலைவில் ஆறடி ஆழக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்தல் வேண்டும். அது படுத்திருந்த இடத்துக் குப்பையை எரித்து, தொழுவைச் சுண்ணாம்பிட்டு, வெயில் படும்படி சில வாரம் காலியாக விடுதல் வேண்டும். நோயுற்றதை அறுத்துக் கூறு போடுவதும் தோலையும் குடலையும் தெருவில் எறிவதும் நோயை வீட்டுக்கு வீடு பங்கிடுவதாகும்.

முகாம் நாளைப் பற்றி முடிவாகச் சில. தடுப்பு மருந்து உயிருள்ளது; வெப்பம் பட்டால் செத்துவிடும். கரைத்த மருந்தைச் சில மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மேய்ச்சலுக்குப் போன மந்தை திரும்பும்வரை டாக்டர் வேப்ப மரத்தடியில் காத்திருந்தால், பெட்டியில் பனிக்கட்டி உருகுவதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க நேரும். ஆதலால் முகாம் விடியற்காலையில், மந்தை வெளிக்கிளம்புமுன் நடைபெறவேண்டும். முதல் நாள் மாலையிலும் இரவிலும் ஒலிபெருக்கியில் இருமுறை அறிவித்தல் நலம். யார் வீட்டில் எத்தனை ஆடு, எந்த மாதம் ஈன்ற குட்டி எத்தனை என்ற கணக்கைப் பஞ்சாயத்து எழுத்தர் ஒரு நோட்டில் முன்னரே எழுதி வைத்திருந்தால் விடுபட்டவை எவையென உடனே தெரியும். வெளியூர்க் கிடை எந்தப் புஞ்சையில் மறிக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அன்று மாலையே மருந்தகத்துக்குச் சொல்லிவிடுக. கிடையில் ஊசி போட்டு முடித்துவிட்டு அவர்கள் ஊருக்குள் வருவர்.